மாலத்தீவு ஃப்ளை ஃபிஷிங்: லைன் வாங்கும்போது ஏமாறாதீர்கள்

இரை போலக் கட்டிய லேசான கொக்கியை, கனமான லைனின் (தூண்டில் கயிற்றின்) எடையால் வீசி மீன் பிடிப்பதுதான் ஃப்ளை ஃபிஷிங். முழங்காலளவு தண்ணீரில் போன்ஃபிஷ் (ஆழமற்ற கடலில் மேயும் வெள்ளி நிற மீன்) பிடிக்க 9 அடி, 8 வெயிட் ராட் (தூண்டில் கம்பு) போதும்; எண் கூடக் கூட ராடும் லைனும் கனமானவை. காற்று பலமாக இருந்தால் 9 வெயிட். பெரிய பாரைக்கு 12 வெயிட் தனியாக வேண்டும், ஒரே ராடில் இரண்டையும் சமாளிக்க நினைக்காதீர்கள். ரீலில் உப்புநீர் புகாத சீல் வைத்த டிராக்கும் (மீன் இழுக்கும்போது லைனைத் தடுக்கும் பிரேக்), 180 மீட்டர் பேக்கிங்கும் (லைனுக்கு அடியில் சுற்றும் மெல்லிய உபரி நூல்) இருக்கட்டும்.

பலரும் கோட்டைவிடுவது லைனில்தான். குளிர்நீர் லைன் அந்த வெயிலில் நூடுல்ஸ் மாதிரி தொய்ந்து, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும், தூரம் போகாது. வெப்பக் கடலுக்கென்று செய்த டிராபிக்கல் லைனே வாங்குங்கள். புறப்படும் முன் ஊரில் பழகும்போது, அது பெங்களூரு காலைக் குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக நிற்கும். லைன் பழுது என்று நினைக்க வேண்டாம். மைதானத்தில் பயிற்சிக்கு முன் இரண்டு இரண்டு மீட்டராகக் கையால் இழுத்து நீவினால் நேராகிவிடும். கொக்கிக்குப் பதில் சிறு கம்பளி நூலைக் கட்டி வீசிப் பழகுங்கள்; எதிர்காற்றில் 15 மீட்டர் போனாலே நல்லது.

லீடர் (லைனையும் கொக்கியையும் இணைக்கும் மெல்லிய நூல்) 10 அடி, நுனியில் 12 முதல் 16 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளூரோகார்பன் நூல். முடிச்சை எச்சிலால் நனைத்துவிட்டு இறுக்குங்கள். உலர்ந்த நூல் உராய்வுச் சூட்டில் வலுவிழக்கும். பவளப்பாறையில் உரசியதா என்று அவ்வப்போது நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள்.

செம்பு நிற போலரைஸ்டு கண்ணாடியும் கெட்டியான அடியுள்ள பூட்ஸும் கட்டாயம். கொக்கி, பிளையர் செக்-இன் பெட்டியில். தினமும் மாலையில் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே ஏறும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.