சீனி வருத்தம் - குளுசை நிப்பாட்டின கதை

எச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூண்டு மாதச் சராசரிச் சீனியைக் காட்டுற ரத்தச் சோதனை) 8.4% எண்டு வந்தவுடனை டொக்டர் மெட்ஃபோர்மின் எண்ட சீனிக் குளுசை தந்தவர், கூடவே நிறையைக் குறைச்சா ஈரலிலயும் கணையத்திலயும் படிஞ்ச கொழுப்பு கரைஞ்சு சீனி தானா இறங்கலாம் எண்டும் சொன்னவர். அதைத்தான் பிடிச்சனான். இரவுப் புட்டை ஒரு சிரட்டை அளவோட நிப்பாட்டி, கோப்பை நிறைய முருங்கையிலை வறை, மீன்குழம்பு, பிளேன்ரீக்குச் சீனியும் இல்லை பனங்கட்டியும் இல்லை (பனங்கட்டி ஒண்டும் செய்யாது எண்டு எங்கட சனம் சொல்லும், அதுவும் சீனிதான்!), பின்னேரத்தில நல்லூர் வீதியைச் சுத்தி வேர்க்க வேர்க்க நடை. நிறை 13 கிலோ இறங்கிச்சு. டொக்டர்தான் குளுசையைக் குறைச்சுக் குறைச்சு நிப்பாட்டினவர், நீங்களா நிப்பாட்டாதேங்கோ. குளுசை இல்லாமல் 3 மாதம் கழிஞ்சும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழ இருந்தாத்தான் ரெமிஷன் (வருத்தம் அடங்கி இருக்கிற நிலை) எண்டு சொல்லுவினம், எனக்கு 6.1. நிறை ஏறினா திரும்பவும் வரும், அதால ரத்தச் சோதனை, கண், கால் பாக்கிறது ஒண்டையும் விடேல்லை.