ஸ்டாண்டைத் திறந்து பாருங்கள்: பழைய சர்ஃபேஸ் வாங்குவோருக்கு

என் சித்தி மகள் போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். கறுப்பு டேப்லெட், மெல்லிய கீபோர்டு. "மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ், விலை ரொம்பக் குறைச்சல். டேலி போட்டு கடைக் கணக்குப் பார்க்கலாம்னு இருக்கேன். வாங்கட்டுமா அண்ணா?" பின்பக்க ஸ்டாண்டைத் திறந்து, அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 1516. வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன்.

அந்த எண் முதல் சர்ஃபேஸ் ஆர்டி. ஏன் வேண்டாம் என்று புரிய, கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். 2012 ஜூன் 18 அன்று லாஸ் ஏஞ்சலீஸில், அப்போதைய மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் அதை அறிமுகப்படுத்தினார். அதுவரை மைக்ரோசாஃப்ட் விண்டோஸை எழுதும், கம்ப்யூட்டரை டெல், ஹெச்பி, ஏசர் போன்றவர்கள் செய்வார்கள். தன்னிடம் விண்டோஸ் வாங்குபவர்களுக்கே போட்டியாக இறங்குவது சின்ன விஷயமில்லை. அவர்களின் ஆதரவு குறையலாம் என்று மைக்ரோசாஃப்டின் அந்த ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஏசர் தலைவர் வெளிப்படையாகவே எச்சரித்தார்.

ஆனால் அடி விழுந்தது வேறு இடத்தில். 499 டாலருக்கு வந்த ஆர்டியில் இருந்தது டெக்ரா 3 என்ற, போன்களில் வரும் ஏஆர்எம் வகைச் சிப். பார்த்தால் விண்டோஸ், உள்ளே ஆஃபீஸும் உண்டு, ஆனால் நாம் வழக்கமாகப் போடும் விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் ஏறாது. ஸ்டோரில் கிடைக்கும் ஆப் மட்டும்தான். விற்காமல் தேங்கியதால் 2013 ஜூலையில் 90 கோடி டாலரை நஷ்டமாக எழுதினார்கள். விண்டோஸ் 10 அதற்கு வரவே இல்லை, 2023 ஜனவரி 10 உடன் பாதுகாப்பு அப்டேட்டும் நின்றது. டேலிக்கு அதில் வழியே இல்லை. அடுத்து வந்த சர்ஃபேஸ் 2-உம் இதே ரகம். சர்ஃபேஸ் 3 அப்படியில்லை, அதில் வழக்கமான கம்ப்யூட்டர்களில் வரும் இன்டெல் சிப்.

சரி, எதை வாங்கலாம்? இன்டெல் சிப் உள்ள சர்ஃபேஸ் ப்ரோ வரிசையில் தேடுங்கள். 2014-இல் 12 அங்குலத் திரையோடு வந்த ப்ரோ 3-இல்தான், சொந்தமாகக் கம்ப்யூட்டர் செய்ய இறங்கிய அந்தத் துணிச்சலுக்குப் பலன் கிடைத்தது என்பது என் கருத்து. ஆனாலும் இன்று ப்ரோ 6-க்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏறுவது ப்ரோ 6-இல் இருந்துதான்.

இங்கேதான் ரொம்பக் கவனம் தேவை. 2017 ப்ரோவுக்கும் ப்ரோ 6-க்கும் மாடல் எண் ஒன்றே, 1796. எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஆன் செய்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் போய் ப்ராசஸரைப் படியுங்கள். ஐ5-8250யூ என்று இருந்தால் ப்ரோ 6. ஐ5-7300யூ என்றால் பழையது.

அப்புறம் டேப்லெட்டைக் கண் மட்டத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். திரை ஓரம் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, எடுக்காதீர்கள். முதல் ப்ரோவைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு இணையதளம், பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு ஒன்றுதான் கொடுத்தது. ப்ரோ 6-உம் பசையால் ஒட்டியதுதான், பேட்டரி மாற்றுவது பெரிய வேலை. அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடேறியதும் திரை நடுங்குகிறதா என்றும் பாருங்கள்.

கீபோர்டு பெரும்பாலும் கூட வராது. ப்ரோ 3 முதல் ப்ரோ 7 வரையிலான டைப் கவர் (மூடியாகவும் இருக்கும் கீபோர்டு) எதுவும் ப்ரோ 6-க்குப் பொருந்தும். ப்ரோ 8, ப்ரோ எக்ஸ் கவர்கள் பொருந்தாது. தங்கை இப்போது ஒரு 8250யூ பார்த்து வைத்திருக்கிறாள். கவருக்கு மட்டும் தேடிக்கொண்டிருக்கிறோம்.