எலூல் மாத ஆயத்தம்: கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் வந்துவிட்டால் சென்னையில் சில சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘எலூல் 40 நாள் ஆயத்த ஜெபம்’ என்ற அறிவிப்பு சுற்றத் தொடங்கிவிடும். எலூல் என்பது எபிரெயக் காலண்டரின் ஆறாம் மாதம். நெகேமியா 6:15-இல் எருசலேம் அலங்கம் கட்டி முடிந்ததாகச் சொல்லப்படும் அதே எலூல் மாதம்தான். யூதர்கள் அந்த மாதம் முழுவதும் தங்களைத் தாங்களே ஆராய்ந்து பார்க்கிறார்கள். அடுத்து வரும் திஷ்ரி மாதத்தின் முதல் நாள் எக்காளப் பண்டிகை, பத்தாம் நாள் பாவநிவிர்த்தி நாள். கன்றுக்குட்டி விவகாரத்துக்குப் பிறகு மோசே மறுபடியும் மலைமேல் ஏறியது எலூல் தொடக்கத்தில், இரண்டாவது கற்பலகைகளோடு இறங்கியது திஷ்ரி 10-இல் என்பது யூத மரபு. வேதத்தில் இந்தத் தேதிகள் இல்லை, மரபுதான். ஆனாலும் மனந்திரும்புதலுக்கென்று வருடத்தில் ஒரு காலத்தை ஒதுக்குவதை யார் தவறு என்று சொல்ல முடியும்? நாம் அதை நடத்துகிற விதத்தில்தான் சிக்கல்.

முதல் சிக்கலே பெரிது. எபிரெயக் காலண்டரை நாம் பஞ்சாங்கமாக்கிவிடுகிறோம். ராகு காலமும் எமகண்டமும் வேண்டாம் என்று விட்டுவந்த குடும்பங்களில், ‘இந்த மாதம் வாசல் திறக்கும் மாதம், அந்த மாதம் எச்சரிக்கை மாதம்’ என்ற பேச்சு வேறு பெயரில் திரும்பி வருகிறது. எபிரெய ஆண்டின் கடைசி எண்ணை எபிரெய எழுத்தாக மாற்றி, அந்த எழுத்தின் வடிவத்தை வைத்து வருடம் முழுவதற்கும் பலன் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜனவரி 1-க்கு ஒரு வாக்குத்தத்தம், மாதாமாதம் ஒரு வாக்குத்தத்தம் என்று பழகிய நமக்கு இன்னொன்று கிடைத்தால் கசக்கவா போகிறது? ஆனால் எலூலின் கேள்வி ‘எனக்கு என்ன வரப்போகிறது’ என்பதே இல்லை. ‘நான் எங்கே விலகிப்போனேன்’ என்பதுதான் அதன் கேள்வி. வீடு பால் காய்ச்சவும் பெண் பார்க்கவும் நாள் குறிக்க இந்தக் காலண்டரைப் புரட்டினால், அது நாள் பார்ப்பதுதான். கலாத்தியர் 4:10-இல் பவுல் கவலைப்பட்டதும் இப்படி நாள் பார்ப்பதைப் பற்றித்தான்.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது காணிக்கைப் பேச்சு. ‘கர்த்தருடைய சந்நிதியில் வெறுங்கையாய் வரக்கூடாது’ என்ற கட்டளையை எடுத்து, பாவநிவிர்த்தி நாளுக்கென்று தனிக் காணிக்கை கேட்பது உண்டு. உபாகமம் 16:16-ஐ எடுத்துப் படியுங்கள். புளிப்பில்லாத அப்பப் பண்டிகை, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை என்று மூன்றைத்தான் அந்த வசனம் சொல்கிறது. எக்காளப் பண்டிகையும் பாவநிவிர்த்தி நாளும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. எக்காளப் பண்டிகையை ‘வேதாகமப் புத்தாண்டு’ என்று போஸ்டர் அடிப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். யாத்திராகமம் 12-இன்படி முதல் மாதம் பஸ்கா வரும் மாதம். லேவியராகமம் 23 எக்காளப் பண்டிகையை ஏழாம் மாதத்தில்தான் வைக்கிறது. யூதர்களுக்கு அது புத்தாண்டானது பிற்கால வழக்கம்.

அப்புறம் தேதிக் குழப்பம். எபிரெய நாள் முந்தின சாயங்காலமே தொடங்கிவிடும். 2026-இல் எக்காளப் பண்டிகை செப்டம்பர் 12 என்று போட்டிருந்தால், 11-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே ஆரம்பம். நம் ஊர் சூரியன் மறையும் நேரம்தான் கணக்கு. சென்னையில் அன்றைக்குச் சுமார் 6.10 மணி. எருசலேமில் அந்தப் பருவத்தில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது கடிகாரம், எனவே அங்கிருந்து வரும் நேரலையைப் பார்த்துத் தொடங்க வேண்டியதில்லை. மாதப்பிறப்பு அமாவாசையை ஒட்டியே வருவதால் தேதி சரியா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் சபைக் காலண்டரில் அமாவாசை போடவில்லையென்றால் பக்கத்து வீட்டுக் காலண்டர் இருக்கவே இருக்கிறது.

நாற்பது எப்படி வருகிறது என்றும் சிலர் குழம்புவார்கள். எலூலுக்கு 29 நாள்தான், திஷ்ரி பத்தைச் சேர்த்தால் 39. எலூலுக்கு முந்தின ஆவ் மாதத்தின் 30-ஆம் நாளும் எலூல் மாதப்பிறப்பாகவே எண்ணப்படுவதால் நாற்பது நிறைகிறது. 2026-இல் அது ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 21 வரை.

உபவாசத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். நாற்பது நாளும் உபவாசம் என்று யூத மரபில் இல்லை. பாவநிவிர்த்தி நாள் ஒன்றுதான் முழு உபவாசம். சுமார் 25 மணி நேரம் சாப்பாடும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. 2026-இல் அது செப்டம்பர் 20 ஞாயிறு மாலை தொடங்கித் திங்கள் இரவு முடிகிறது. ஆராதனை முடிந்து வந்து பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, மறுநாள் சென்னை வெயிலில் தண்ணீர் இல்லாமல் பஸ் பிடித்து ஆபீஸ் போனால் மதியத்துக்குள் தலை சுற்றும். ஞாயிற்றுக்கிழமை உப்பும் காரமும் குறைத்துச் சாப்பிட்டு, உபவாசம் தொடங்குமுன் பகல் முழுக்கத் தண்ணீர் குடித்து வைப்பது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பாட்டை விட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ‘விசுவாசம் இருந்தால் ஒன்றும் ஆகாது’ என்று யாராவது சொன்னால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: உயிருக்கு ஆபத்து என்றால் அந்த நாளிலும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதுதான் யூதச் சட்டம். ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அவர்கள் உபவாசம் இருக்க விடுவதே இல்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. எலூலின் மையமான வேலையை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இதைத் தெளிவாகச் சொல்கிறது: மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவத்துக்குப் பாவநிவிர்த்தி நாள் உதவும், சக மனிதனுக்கு எதிராகச் செய்ததற்கு அவனைச் சமாதானப்படுத்தும்வரை உதவாது. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொல்வதும் இதுதானே. நாம் என்ன செய்கிறோம்? ‘தெரிந்தோ தெரியாமலோ புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்’ என்று பூப்படம் போட்ட ஒரு ஃபார்வர்டை எல்லாக் குழுவிலும் தட்டிவிடுகிறோம். தங்கச்சி நகையை அடகு வைத்து இன்னும் மீட்டுத் தராத அண்ணன் அந்த ஃபார்வர்டை அனுப்பினால், தங்கச்சி அதற்கு எந்த எமோஜி போடுவாள்? அந்தப் பணத்துக்கு ஒரு வழி பண்ணிவிட்டு அவள் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட சம்பளம், மாடி வீட்டுக்காரரோடு தண்ணீர் மோட்டாருக்காகப் போட்ட சண்டை, பாகப்பிரிவினைக்குப் பிறகு பேச்சே நின்றுபோன சித்தப்பா என்று பெயர் பெயராக எழுதிக்கொண்டு, வாரத்துக்கு இருவரைப் பார்த்தாலே நாற்பது நாள் போய்விடும். இதில் பாதி பேர் கதவைத் திறக்க மாட்டார்கள். அதையும் எதிர்பார்த்தே போக வேண்டும்.

யூதர்களின் பொருட்களையும் சடங்குகளையும் வேஷமாக்குவதையும் விட்டுவிடலாம். ஆட்டுக்கொம்பு எக்காளத்தை ஆன்லைனில் வாங்கி, விடியற்காலை அபார்ட்மெண்ட் பால்கனியில் ஊதிச் சாத்தானை விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விழிப்பது அசோசியேஷன் செயலாளர்தான். எலூலில் ஊதுகிற யூதர்களே ஓய்வுநாளான சனிக்கிழமையில் ஊத மாட்டார்கள். 2026-இல் எக்காளப் பண்டிகையின் முதல் நாள் சனிக்கிழமை என்பதால் பெரும்பாலான ஜெப ஆலயங்களில் மறுநாள்தான் ஊதுவார்கள். இந்த வேஷம் தொடர்வதற்கு, நாம் பிசகினால் திருத்த அருகில் யூதர்கள் இல்லை என்பதும் ஒரு காரணம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பவளமும் வைரமும் வியாபாரம் செய்த யூதர்கள் சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தார்கள். பவளக்காரத் தெரு என்ற பெயரில் அவர்கள் வியாபாரத்தின் தடம் இன்னும் இருக்கிறது. அவர்கள் முன்னால் செய்யக் கூசுவதை, ஆள் இல்லாத ஊர் என்பதால் செய்துவிடக் கூடாது.

கடைசியாக, இதை அனுசரிக்காதவர்களைக் கீழே பார்ப்பது. லெந்து நாட்களில் அசைவம் விடுகிற சிஎஸ்ஐ பாட்டியிடம் ‘அது வேதத்தில் இல்லை’ என்று சண்டைக்குப் போகிற இளைஞர்கள் உண்டு. எலூல் நாற்பதும் லேவியராகமத்தில் இல்லையே. ரோமர் 14 இரு தரப்பையும் சேர்த்தே பேசுகிறது, ஒருமுறை இருவரும் உட்கார்ந்து படிக்கலாம். 2027-இல் இந்த உரசல் கூடும். எபிரெய ஆண்டில் அப்போது ஒரு மாதம் கூடுதலாக வருவதால் பஸ்கா ஏப்ரல் 21 மாலைக்குத் தள்ளிப் போகிறது, ஈஸ்டரோ மார்ச் 28-இலேயே வந்துவிடும். ‘பஸ்காவே வரவில்லை, அதற்குள் என்ன ஈஸ்டர்’ என்று பாடகர் குழுவிலிருந்து ஒதுங்கத் தோன்றினால், குருவானவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வீட்டில் ஈஸ்டர் சாப்பாட்டுக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.