சிமெண்ட், எஃகு ஆலைகளின் கரிம நீக்கத்திற்கு ஆற்றல் மாதிரி அமைக்கும் முறை

மின்துறைக்கு ஆற்றல் மாதிரி (எந்த வழியில் எவ்வளவு ஆற்றலும் செலவும் உமிழ்வும் ஆகும் என்று கணினியில் போடும் கணக்கு) அமைத்துப் பழகியவர்கள் தொழிற்சாலைகளுக்கு வரும்போதும் யூனிட் கணக்கிலிருந்தே தொடங்குகிறார்கள். இங்கே தொடங்க வேண்டியது டன் கணக்கிலிருந்து. சிமெண்டைப் பார்த்தால் காரணம் புரியும். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. தூய கால்சியம் கார்பனேட் 1,000 கிலோ உள்ளே போனால் 440 கிலோ வாயு வெளியே வரும். சூளையை நிலக்கரியால் சூடாக்கினாலும் மின்சாரத்தால் சூடாக்கினாலும் அந்த 440 கிலோவில் ஒரு கிலோகூடக் குறையாது. கிளிங்கர் (சூளையிலிருந்து வந்து, சிமெண்டாக அரைக்கப்படும் கட்டி) உற்பத்தியில் வெளியாகும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் இவ்வாறு கல்லிலிருந்தே வருவதால், எரிபொருளை மட்டும் எண்ணும் மாதிரி, சூளையை மின்மயமாக்கியதும் உமிழ்வு ஒழிந்துவிட்டதாகப் பொய்க் கணக்குக் காட்டும்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு டன் விளைபொருளுக்கு எவ்வளவு மூலப்பொருள், வெப்பம், மின்சாரம் தேவை என்று எழுதி, எரிபொருள் உமிழ்வையும் வேதிவினை உமிழ்வையும் தனித்தனியே குறிப்பது. இறுதித் தேவையையும் எஃகு, சிமெண்ட், அம்மோனியா என்று டன்களில் கொடுங்கள். தேவையை "இத்தனை யூனிட் வெப்பம்" என்று கொடுத்துவிட்டால், கிளிங்கரின் பங்கைக் குறைத்துச் சுட்ட களிமண்ணைக் கலப்பதோ, தாதுவுக்குப் பதில் பழைய இரும்பை உருக்குவதோ மாதிரிக்குத் தெரியாத வழிகளாகிவிடும். பழைய இரும்புக்கு உச்சவரம்பு வைக்க மறக்கக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் பயன்பாட்டுக்குப் போன எஃகுதான் இன்று கழிவாகத் திரும்பி வருகிறது, வேண்டிய அளவு கிடைப்பதில்லை.

எண்களின் பருமனை முதலில் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் எஃகு செய்யும் ஆலை, ஊதுலையை (நிலக்கரியைக் கொண்டு தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் உலை) விட்டு, ஹைட்ரஜனால் தாதுவை ஒடுக்கி (அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கி) மின்வில் உலையில் உருக்கும் முறைக்கு மாறுவதாகக் கொள்வோம். ஒரு டன்னுக்கு 55 கிலோ ஹைட்ரஜன், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 52 யூனிட் மின்சாரம் என்று வைத்தால், மின்னாற்பகுப்புக்கு (மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதற்கு) மட்டும் ஆண்டுக்கு 286 கோடி யூனிட் வேண்டும். ஆண்டின் 8,760 மணி நேரமும் ஓடினால் 326 மெகாவாட் திறன் போதும்; மின்சாரம் மலிவாக உள்ள 4,000 மணி நேரம் மட்டும் ஓடினால் 715 மெகாவாட் நிறுவ வேண்டும், அதனுடன் ஹைட்ரஜன் சேமிப்புக் கிடங்கும் வேண்டும். ஹைட்ரஜனின் வெப்ப மதிப்பை எடுக்கும்போது கவனம் தேவை: எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து தரும் வெப்பத்தைச் சேர்க்காத கீழ் மதிப்பு கிலோவுக்கு 33.3 யூனிட், அதைச் சேர்த்த மேல் மதிப்பு 39.4 யூனிட். ஒரு அட்டவணை கீழ் மதிப்பிலும் மற்றொன்று மேல் மதிப்பிலும் இருந்தால், யார் கண்ணிலும் படாமல் கணக்கு 18 சதவீதம் பிசகும்.

மேலே உள்ள இரு திறன்களில் எது மலிவு என்பதை ஆண்டுச் சராசரியில் இயங்கும் மாதிரியால் சொல்ல முடியாது. மின்னாற்பகுப்புக் கருவி காற்றும் வெயிலும் உள்ள நேரத்தில் ஏறி இறங்கி ஓடலாம். ஒடுக்க உலையோ சீரான ஓட்டத்தையே விரும்பும். இந்த இரண்டுக்கும் இடையில் கிடங்கு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கணினிச் சுமையைக் குறைக்கச் ஆண்டு முழுவதற்கும் பதிலாகச் சில நாட்களை மட்டும் எடுத்தால், காற்று ஓய்ந்து வானமும் மூடிக்கிடக்கும் வாரங்கள் காணாமற்போய்க் கிடங்கு சிறுத்துவிடும். முடிந்தவரை 8,760 மணி நேரத்தையும் வரிசை மாறாமல் வைத்திருங்கள். மாதிரியில் தனித்தனியே காட்டும் இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து அதை ஈடுகட்டலாம்.

முதலீட்டில் இரண்டு விஷயங்கள் முடிவையே மாற்றும். ஒன்று, ஊதுலையின் உட்பூச்சைப் புதுப்பிக்கும் ஆண்டு. அது பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருஞ்செலவு. மாறுவதற்கு உகந்த தருணமும் அதுவே. எல்லா உலைகளுக்கும் சராசரி வயது கொடுக்காமல், ஒவ்வோர் உலைக்கும் அதன் ஆண்டைக் கொடுங்கள். மற்றொன்று தள்ளுபடி விகிதம், அதாவது எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதம். 25 ஆண்டு ஆயுள் கொண்ட ஆலையின் முதலீட்டை ஆண்டுத் தவணையாக்கினால், 8 சதவீதத்தில் முதலீட்டின் 9.4 சதவீதமும், 4 சதவீதத்தில் 6.4 சதவீதமும் வரும். தொழில்நுட்பம் எதுவும் மாறாமலே ஆண்டுத் தவணையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிடுகிறது என்பதால், இந்த எண்ணைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் முகப்பிலேயே எழுதுவது நேர்மை.

கரியமில வாயுவைப் பிடித்துப் புதைக்கும் வழியைச் சேர்க்கும்போது பிடிப்பு வீதத்தை 100 சதவீதம் என்று போடாமல் 90 போன்ற அளவில் வைத்து, பிடிப்புக்கான கூடுதல் வெப்பத்தையும் கணக்கில் எழுதுங்கள். உயிர்த்திரள் எரிபொருளுக்கு எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஒரே வரம்பு இருக்க வேண்டும். துறைக்கொரு வரம்பு வைத்தால் ஒரே விறகை இருவர் எரிப்பார்கள்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் பலர் அளவுக்கு மீறி நேரம் செலவிடுகிறார்கள். பைப்ஸா, ஓசெமோசிஸ், டைம்ஸ் எதிலும் மேற்சொன்னவற்றை எழுத முடியும். மணிவாரி மின்சாரம் மையமாக இருந்தால் பைப்ஸா வசதி.

இயக்கியதும் முதலில் கடந்துபோன ஓர் ஆண்டின் உற்பத்தியைக் கொடுத்து, மாதிரி சொல்லும் நிலக்கரி அளவை உண்மையான நுகர்வோடு ஒப்பிடுங்கள். பிறகு எதிர்காலத்துக்குப் போகும்போது ஒரே மலிவான விடையோடு நிற்காதீர்கள். நேரியல் திட்டமிடலில் (மிக மலிவான விடையைத் தேட இம்மாதிரிகள் பயன்படுத்தும் கணித முறை) சிறு விலை வேறுபாடே ஒரு தொழில்நுட்பத்தை முழுவதுமாக ஏற்றவோ நீக்கவோ போதும். மொத்தச் செலவு 5 சதவீதம்வரை கூடலாம் என்று தளர்த்தி, ஹைட்ரஜனை எவ்வளவு குறைக்க முடியும், எவ்வளவு கூட்ட முடியும் என்று இரு முனைகளையும் தேடச் சொல்லுங்கள். அந்த இடைவெளி முழுவதிலும் தவறாமல் வருகிற முதலீடுகளை ஒரு பட்டியலாகவும், வந்து மறைகிறவற்றை மற்றொரு பட்டியலாகவும் அறிக்கையில் தாருங்கள்.