வட்டம் வரைந்தால் முட்டை வருகிறதா? இரண்டு மானிட்டரில் டேப்லெட்டை ஒழுங்காக அமைப்பது

லேப்டாப்போடு புதிதாக ஒரு மானிட்டரை இணைத்த அன்றைக்கு, எனக்கு வரையவே மறந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். லேப்டாப்பில் செருகி வரையும், மூன்று வருடம் பழகிய அதே டேப்லெட், அதே பேனா. முகம் வரைந்தால் பூசணிக்காய் வருகிறது. 'ழ' எழுதினால் யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி படுத்துக்கொள்கிறது. பேனா முனையை மாற்றினேன், யூஎஸ்பி வயரை மாற்றினேன். கோளாறு அங்கேயெல்லாம் இல்லை.

மவுஸ் மேசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும்தான் தெரியும். பேனா அப்படியில்லை. டேப்லெட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் ஒரு புள்ளி நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கும். இதற்குத்தான் மேப்பிங் என்று பெயர். இன்னொரு மானிட்டரைச் செருகியதும், டிரைவர், அதாவது டேப்லெட்டை இயக்கும் மென்பொருள், பழக்கதோஷத்தில் இரண்டு திரையையும் ஒரே நீளத் திரையாக எண்ணி மொத்தத்தையும் டேப்லெட்டுக்குள் அடைத்துவிடுகிறது.

கணக்குப் போட்டால் விளங்கும். வேகாம் கம்பெனியின் சிறிய இன்டுவோஸ் டேப்லெட்டில் வரையும் பரப்பு 152 மி.மீ. அகலம், 95 மி.மீ. உயரம். 1920×1080 திரைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 3840×1080. அகலவாட்டில் ஒரு மி.மீ.க்கு 25 பிக்சல், உயரவாட்டில் 11 பிக்சல்தான். இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். நீங்கள் போட்ட வட்டம் முட்டையாகாமல் என்ன செய்யும்? கை அரை மி.மீ. நடுங்கினால்கூட கோடு பக்கவாட்டில் 12 பிக்சல் தாவும்.

ஆகவே என் கட்சி இதுதான்: டேப்லெட் முழுவதையும் ஒரே மானிட்டருக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டு திரையிலும் பேனாவை ஓடவிடும் ஆசை வேண்டாம்.

முதலில் விண்டோஸ்

டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய் 'எக்ஸ்டெண்ட்' (இரண்டு திரையையும் தனித்தனியாகப் பயன்படுத்தும் தேர்வு) தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மேசையில் மானிட்டர்கள் எப்படி இருக்கின்றனவோ, அங்கே உள்ள கட்டங்களையும் அப்படியே இழுத்து வையுங்கள். பழைய டேப்லெட் ஏதாவது வைத்திருந்தீர்கள் என்றால் அதன் டிரைவரை நீக்கிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி கதைதான். இரண்டு கம்பெனி டிரைவர்கள் ஒன்றாக இருந்தால் பேனா அழுத்தம் (அழுத்துவதற்கேற்ப கோடு தடிப்பது) போய்விடலாம், மேப்பிங்கும் நிலைக்காமல் போகலாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

டிரைவரில் மேப்பிங்

வேகாமில் பேனா அமைப்புகளுக்குள் 'மேப்பிங்' இருக்கும். மோடு 'பென்' என்று இருக்க வேண்டும். 'மவுஸ்' மோடு வரைவதற்கு உதவாது. 'ஸ்கிரீன் ஏரியா' என்ற இடத்தில் 'ஃபுல்' என்பதை மாற்றி, எந்த மானிட்டரில் வரையப் போகிறீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஹூயான், எக்ஸ்பி-பென் வைத்திருப்பவர்கள் டிரைவரில் 'வொர்க் ஏரியா' அல்லது 'வொர்க்கிங் ஏரியா' பக்கத்தைத் தேடுங்கள். லினக்ஸில் க்னோம், கேடிஇ இரண்டிலும் செட்டிங்ஸிலேயே டேப்லெட்டுக்குத் தனிப் பக்கம் உண்டு, அங்கேயே திரையைத் தேர்ந்தெடுக்கலாம்.

நான் வழுக்கி விழுந்த இடம் இங்கேதான் இருக்கிறது. விண்டோஸில் 1 என்று போட்டிருக்கும் திரைதான் டிரைவரிலும் 1 என்று நம்பினேன். இரண்டும் தனித்தனியாக எண் போடக்கூடியவை. எனக்கு விண்டோஸின் 2, டிரைவரில் 1. பெரிய மானிட்டரைத் தேர்ந்தெடுத்த நினைப்பில் லேப்டாப் திரையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பெரிய திரையில் கர்சர் வரவில்லையே என்று டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டேன். லேப்டாப்பைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருந்தால் கர்சர் அங்கே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். எண்ணை நம்பாதீர்கள். தேர்ந்தெடுத்த உடனே பேனாவை டேப்லெட்டின் நான்கு மூலைக்கும் கொண்டுபோங்கள். கர்சரும் நீங்கள் விரும்பிய திரையின் நான்கு மூலையைத் தொட வேண்டும்.

விகிதம்: இதை விட்டுவிடாதீர்கள்

ஒரு மானிட்டருக்கு மாற்றியதும் வட்டம் ஓரளவு சரியாகிவிடும். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் டேப்லெட்டில் 16:10, திரையில் 16:9. இன்னும் அகலத்தில் 11 சதவீதம் இழுவை மிச்சமிருக்கிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் காகிதத்தில் போட்ட கோலத்தைத் திரையில் மறுபடி போட்டால் புள்ளி வரிசை தட்டையாகத் தெரியும்.

வேகாமில் அதே மேப்பிங் பக்கத்தில் 'ஃபோர்ஸ் ப்ரொப்போர்ஷன்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள், இரண்டு விகிதமும் ஒன்றாகிவிடும். டேப்லெட்டின் உயரத்தில் 85.5 மி.மீ. மட்டும் வேலை செய்யும், மீதி 9.5 மி.மீ. சும்மா கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய இடம் வீணாகிறதே என்று மனசு கேட்காதுதான். எனக்கும் கேட்கவில்லை. இரண்டு நாளில் பழகிவிட்டது.

சோதிக்க ஒரு வழி: பிளாஸ்டிக் வளையல் ஒன்றை டேப்லெட்டில் வைத்து, உள்ளோரமாகப் பேனாவை ஓட்டுங்கள். உலோக வளையல் வேண்டாம், பேனா சிக்னல் தடுமாறலாம். கிடைத்த உருவத்தைத் தேர்வு செய்து அகலமும் உயரமும் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது.

அடுத்த திரைக்கு எப்படிப் போவது?

வேகாமில் 'டிஸ்ப்ளே டாகிள்' என்று ஒரு வசதி உண்டு. அதை டேப்லெட்டில் உள்ள ஏதாவது ஒரு பட்டனுக்குக் கொடுத்தால், அழுத்தும்போதெல்லாம் பேனா அடுத்த திரைக்குத் தாவும். பேனாவின் பக்கப் பட்டனில் மட்டும் வைக்காதீர்கள். வரையும்போது விரல் பட்டு கோடு பாதியில் அறுந்து, கர்சர் வேறு ஊருக்குப் போய்விடும். நான் இதையும் இப்போது பயன்படுத்துவதில்லை. இடது கை மவுஸ்தான் இரண்டாம் திரைக்கு. அங்கே மாதிரிப் படங்களும் பாட்டும்தான் ஓடுகின்றன, அதற்கு எதற்குப் பேனா?

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"எல்லாம் மாற்றினேன், போட்டோஷாப்பில் மட்டும் பழைய முட்டைதான்." டிரைவர் பக்கத்தின் மேலே மென்பொருள்களின் வரிசை இருக்கும். எப்போதோ போட்டோஷாப்பைத் தனியாக அதில் சேர்த்திருப்பீர்கள். அதற்கு மேப்பிங்கும் தனி. அந்த ஐகானைத் தேர்ந்தெடுத்து இன்னொரு முறை மாற்றுங்கள், அல்லது அதை அழித்துவிடுங்கள்.

"கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் கர்சர் ஓரிடம், கோடு ஓரிடம்." லேப்டாப் 125 சதவீத ஸ்கேலிங்கிலும் (எழுத்து, ஐகான்களைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு) மானிட்டர் 100 சதவீதத்திலும் இருந்தால் இப்படி ஆகலாம். கிரிட்டாவின் டேப்லெட் செட்டிங்ஸில் பேனாவின் அசைவை வாங்கிக்கொள்ள 'வின்டாப்', 'விண்டோஸ் இங்க்' என்று இரண்டு வழிகள் இருக்கும். இப்போது எது இருக்கிறதோ அதை விட்டு மற்றதைப் போட்டு, கிரிட்டாவை மூடித் திறங்கள். டிரைவரில் உள்ள விண்டோஸ் இங்க் டிக்கும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

"ஹெச்டிஎம்ஐ வயரைக் கழற்றி வெளியே போய்வந்தால் மறுபடி முட்டை." எனக்கும் ஆகிறது. எல்லாம் சரியாக இருக்கும்போதே டிரைவரின் பேக்கப் வசதியில் அமைப்புகளைச் சேமித்து வையுங்கள், கெட்டுப்போனால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

"என்னிடம் இருப்பது திரையோடு கூடிய டேப்லெட். அதன்மேல் தொட்டால் லேப்டாப்பில் கோடு விழுகிறது." அந்த டேப்லெட்டே ஒரு மானிட்டர்தான், டிரைவரில் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் சரியாகவில்லை என்றால் கண்ட்ரோல் பேனலில் 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' திறந்து 'செட்டப்' அழுத்தி, பேனாவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு திரை வெள்ளையாகி நடுவில் எழுத்து தெரியும். அது லேப்டாப் திரை என்றால் எதையும் தொடாமல் கீபோர்டில் என்டர் தட்டுங்கள். வெள்ளைத் திரை டேப்லெட்டுக்கு வந்த பிறகுதான் பேனாவால் தொட வேண்டும்.