மூன்று பச்சை விளக்குகள் சொல்லாதவை: சொந்தமாகக் கட்டும் விமானங்களில் ஹைட்ராலிக் லேண்டிங் கியர் தவறுகள்

ஜாக்கியில் தூக்கி நிறுத்திய விமானத்தில் ஸ்விட்சைத் தட்டுகிறோம். எண்ணெயை அழுத்தும் பம்ப் உறுமுகிறது, சக்கரங்களைத் தாங்கும் கால்கள் இறங்குகின்றன, அவை இறங்கிப் பூட்டிக்கொண்டதாகக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளும் எரிகின்றன. சோதனை முடிந்தது என்று விமானத்தைக் கீழே இறக்கிவிடுகிறார்கள் பலர். மிகப் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. அந்த நேரத்தில் கால்களை விறைப்பாக நிறுத்தியிருப்பது பூட்டா, எண்ணெயின் அழுத்தமா என்பது அந்த விளக்குகளுக்குத் தெரியாது.

பல வடிவமைப்புகளில் பூட்டு என்பது முழங்காலைப் போல மடியும் இரண்டு தண்டுகள்தான். கால் முழுதாக இறங்கும்போது அந்த மூட்டு நேர்கோட்டைத் தாண்டிச் சற்றே மறுபக்கம் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றால், தரையிலிருந்து வரும் விசை மூட்டை இன்னும் இறுக்குமே தவிர மடக்காது. நேர்கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட்டாலும் சிலிண்டரில் அழுத்தம் இருக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். குழாய் ஒன்று வெடித்து அழுத்தம் போகும் நாளில், ஓடுபாதையில் கால் மடியும்.

ஆகவே அழுத்தத்தை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். விமானம் ஜாக்கியில் இருக்க, சக்கரங்களை இறக்குங்கள். பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டியுங்கள். அழுத்தத்தை விடுவித்துச் சக்கரங்களை இறங்கவிடும் அவசரகால வால்வைத் திறந்து அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருங்கள். பிறகு ஒவ்வொரு காலையும் மடங்கும் திசையில் கையால் அழுத்திப் பாருங்கள். மூட்டு அசையக் கூடாது. விளக்கை எரியவைக்கும் மைக்ரோ ஸ்விட்ச் எதைத் தொடுகிறது என்பதையும் குனிந்து பாருங்கள். கால் கீழே வந்ததை மட்டும் உணரும் ஸ்விட்ச் போதாது. மூட்டு நேர்கோட்டைத் தாண்டிய பிறகுதான் அது விளக்கை எரியவைக்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்காக அரை நாள் செலவானாலும் தகும்.

அடுத்தது பம்பின் பேச்சு. லான்சேர் 320, 360 போன்ற விமானங்களில் மின்மோட்டார் பம்ப் தரும் அழுத்தமே சக்கரங்களை மேலே பிடித்துவைத்திருக்கிறது. பறக்கும்போது பம்ப் ஒரு நொடி ஓடி நிற்பதைக் கேட்டவுடன் பதற வேண்டியதில்லை. மேலே ஏறியதும் எண்ணெய் குளிர்ந்து சுருங்கும். குறைந்த அழுத்தத்தை பம்ப் ஈடுசெய்யும். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. "தரையில் ஒரு சொட்டுகூட இல்லையே, தொட்டியிலும் அளவு குறையவில்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதுதான் ஆபத்து. பிஸ்டனைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் ரப்பர் சீலைத் தாண்டியோ, சரியாக மூடாத அவசரகால வால்வு வழியாகவோ எண்ணெய் அமைப்புக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகலாம். வெளியே சுவடே இருக்காது. ஜாக்கியில் சக்கரங்களை மேலே மடித்துவைத்து, பம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்று எழுதிவையுங்கள். அந்த இடைவெளி மாதத்துக்கு மாதம் சுருங்கினால் அதுவே எச்சரிக்கை. பம்ப் ஓடுவதைக் காட்ட ஒரு சிறு விளக்கும் வையுங்கள். எஞ்சின் இரைச்சலில் காது ஏமாந்துபோகும்.

எண்ணெய்க்கும் ரப்பருக்கும் உள்ள உறவைப் பலர் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். சிறு விமானங்களில் வழக்கமாக ஊற்றுவது '5606' என்னும் சிவப்பு நிறக் கனிம எண்ணெய். அதற்கு ஏற்றது நைட்ரைல் ரப்பர். காரின் பிரேக் ஆயில் கிளைகோல் என்னும் வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. அதற்கு ஏற்றது ஈபிடிஎம் ரப்பர். அவசரத்துக்கு ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் போட்டால் சீல் ஊதிப்போகும், மென்மையாகிக் கிழியும். இரண்டு வகை ஓ-ரிங்குகளும் (சீலாகப் பயன்படும் ரப்பர் வளையங்கள்) கறுப்பாகத்தான் இருக்கும், கண்ணால் வித்தியாசம் தெரியாது. சந்தேகம் இருந்தால், பொருத்தப்போகும் அதே பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து, ஊற்றப்போகும் எண்ணெயில் ஓரிரு நாள் ஊறவையுங்கள். பிறகு புதியது ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். தவறான ரப்பர் என்றால் பருத்து, அடியில் இருப்பதை மறைத்து நிற்கும். சரியான ஓ-ரிங்கையும் எண்ணெய் தடவாமல், கூரான திருகுமரையின் மேல் இழுத்துப் போட்டால் வெட்டுப்படும். முதல் நாளிலேயே தொடங்கும் கசிவுகளில் இது முக்கியமான ஒன்று.

குழாய் வேலையில் கவனிக்க வேண்டியவை சில. குழாயின் முனையைக் கூம்பாக விரித்துத்தான் பொருத்தியில் இணைப்பார்கள். விமானப் பொருத்திகளின் கூம்புமுனை 37 டிகிரி. வாகனப் பட்டறைக் கருவி விரிப்பது 45 டிகிரி. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது, முறுக்கி முறுக்கி இறுக்கினாலும் கசியும். கூம்புமுனைப் பொருத்திகளில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அங்கே அடைப்பது உலோகத்தின் மேல் உட்காரும் உலோகம், மரை அல்ல. பிய்ந்த டேப் துணுக்கு வால்வின் இருக்கையில் போய் உட்கார்ந்தால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. குழாயை அறுத்த பிறகு பிசிறை நீக்கிக் கழுவாமல் பொருத்தினாலும் இதே கதிதான்.

தொட்டியில் எண்ணெய் அளவைப் பார்க்கும்போது சக்கரங்கள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்லும். பிஸ்டன் தண்டு வெளியே நீண்டிருக்கும்போது சிலிண்டர் அதிக எண்ணெயை வாங்கிக்கொள்ளும், உள்ளே போகும்போது திருப்பித் தரும். தவறான நிலையில் நிரப்பினால் அடுத்த முறை தொட்டி வழியும்.

அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஓர் அட்டைத் துண்டை நீட்டுங்கள், அதில் ஈரம் படும்.

கடைசியாக, அவசரமாகச் சக்கரம் இறக்கும் முறையை ஜாக்கியில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். கொட்டகைக்குள் காற்று எதிர்த்து அடிப்பதில்லை. முன்பக்கமாக நீண்டு இறங்கும் மூக்குச் சக்கரம் எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டுதான் பூட்டுக்குள் போக வேண்டும். வேகம் கூடினால் பாதியிலேயே நின்றுவிடலாம். நல்ல உயரத்தில், கையேடு சொல்லும் வேகத்தில் செய்து பார்த்து, பூட்ட எத்தனை நொடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் தரையிலேயே இருக்கையில் உட்கார்ந்து, தோள் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவசரகால வால்வின் கைப்பிடி எட்டுகிறதா என்று பாருங்கள்.