அட்லாண்டிக்மேல் ஆப்பிரிக்கப் புகை: குளிர்விக்கிறதா, சூடாக்குகிறதா? செயற்கைக்கோள் தரவை வைத்துக் கணக்கிடலாம்

ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கோலா, சாம்பியா, தெற்குக் காங்கோ பகுதிகளில் புல்வெளிகளும் காடுகளும் எரிகின்றன. கிழக்கிலிருந்து வீசும் காற்று அந்தப் புகையை 2 முதல் 5 கிலோமீட்டர் உயரத்தில் அட்லாண்டிக் மேலே தள்ளிக்கொண்டு போகிறது. அதற்குக் கீழே சில இடங்களில் இருண்ட கடல், பல இடங்களில் பாய் விரித்தது போல வெள்ளை மேகம். கடலுக்கு மேல் நிற்கும் புகை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கிறது. அதே புகை மேகத்துக்கு மேல் நின்றால், மேகம் திருப்பி அனுப்பும் ஒளியைக் கரித்துகள்கள் விழுங்கி, சூடாக்குகிறது. இரண்டையும் ஒரே சராசரியில் போட்டுக் குழப்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் இலவசக் கணக்கும் பைதான் நிரல்மொழியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: இடமும் காலமும்
தெற்கு 5° முதல் 15° வரை, கிழக்கு 0° முதல் 10° வரை ஒரு பெட்டி போடுங்கள். 2007 முதல் 2017 வரை ஏதாவது ஓர் ஆண்டின் செப்டம்பரை எடுங்கள். காரணம் இருக்கிறது: லேசர் கருவி சுமந்த காலிப்ஸோ செயற்கைக்கோள், 2018 செப்டம்பர் வரைதான் நாம் பயன்படுத்தப்போகும் இன்னொரு நாசா செயற்கைக்கோளான அக்வாவோடு ஒரே வரிசையில் பறந்தது. 2022-க்குப் பிறகு அக்வா கடக்கும் நேரமும் பிற்பகல் 1.30-லிருந்து நகரத் தொடங்கியது. பல ஆண்டுகளை ஒப்பிடுவோர் இதைக் கவனிக்காவிட்டால், நேர மாற்றத்தைப் பருவநிலை மாற்றம் என்று நினைத்துவிடுவார்கள்.

படி 2: புகையின் அளவு
அக்வாவில் உள்ள மோடிஸ் படக்கருவியின் ஏரோசால் ஒளித்தடிமன் (காற்றில் மிதக்கும் துகள்கள் ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்பதன் அளவு), 550 நானோமீட்டர் அலைநீளத்தில் வேண்டும். கோப்பில் உள்ள எண்ணை 0.001-ஆல் பெருக்குங்கள். அதற்கு முன்பே -9999 என்ற வெற்று மதிப்புகளை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் சராசரி எதிர்மறையாக வரும். கடல் தரவில் ஏழு அலைநீளங்கள் அடுக்கியிருக்கும். 550 இரண்டாவது அடுக்கு, பைதான் எண்ணிக்கையில் 1. நுண்துகள் பங்கு (ஒளித்தடிமனில் மிகச் சிறிய துகள்களின் பங்கு) 0.7-க்கு மேல் உள்ளவற்றை மட்டும் வைத்தால் கடலுப்பும் தூசியும் பெருமளவு விலகும். மிச்சமுள்ள கடற்பின்னணிக்காக 0.06 கழியுங்கள்.

தீப்புள்ளிகளை எண்ணிப் புகையின் அளவைச் சொல்லாதீர்கள். நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தின் தீப்புள்ளி வரைபடம் புகை எங்கிருந்து கிளம்பியது என்று காட்டும், அவ்வளவுதான்.

படி 3: திரும்பிப் போகும் ஒளி
இதை அளப்பது அதே அக்வாவில் உள்ள செரெஸ் கருவி. ஒவ்வோர் அளவீடும் நேர்கீழே சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம். எஸ்எஸ்எஃப் எனும் தொகுப்பை இறக்கினால், அந்த வட்டத்துக்குள் அடங்கிய மோடிஸ் ஒளித்தடிமனும் கூடவே வரும். இரு கோப்புகளைப் பொருத்தும் வேலை மிச்சம்.

மேகமில்லாத பரப்பு 99 விழுக்காட்டுக்கு மேல் உள்ள வட்டங்களை மட்டும் எடுங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. அடர்ந்த புகையை மோடிஸ் சில நேரம் மேகம் என்றே முத்திரை குத்திவிடும், உங்கள் மாதிரியில் கனத்த புகை குறைந்துபோகும்.

படி 4: கோடு போடுதல்
சூரிய உச்சிக்கோணத்தை (தலைக்கு நேர்மேலிருந்து சூரியன் சாய்ந்திருக்கும் கோணம்) 5° இடைவெளிகளாகப் பிரியுங்கள். ஒவ்வோர் இடைவெளியிலும் கிடை அச்சில் புகையின் ஒளித்தடிமன், குத்து அச்சில் மேலே போகும் குற்றலைக் கதிர்வீச்சு, அதாவது திரும்பிப் போகும் சூரிய ஒளி. ஒளித்தடிமன் 1-க்கு மேல் போனால் உறவு வளையத் தொடங்கும், அவற்றை விலக்கி நேர்கோடு பொருத்துங்கள். கோடு குத்து அச்சை வெட்டும் இடம் புகையில்லாத கடல். சாய்வு, ஓர் அலகு ஒளித்தடிமனுக்கான விளைவு.

பயிற்சிக்கு வைத்துக்கொண்ட எண்கள் (சதுர மீட்டருக்கு வாட்): வெட்டு 85, சாய்வு 40. புகையின் ஒளித்தடிமன் 0.4 என்றால் 40 × 0.4 = 16. கூடுதலாக வெளியேறுவதால் குறி எதிர்மறை: சதுர மீட்டருக்கு -16 வாட். உச்சிக்கோணம் 25° இருக்கும்போது வெட்டு 100-ஐத் தாண்டினால் மேகத் துணுக்குகள் புகுந்துவிட்டன என்று பொருள். படி 3-க்குத் திரும்புங்கள்.

படி 5: நாள் சராசரி
இந்த -16 பிற்பகல் ஒரு கணத்துக்கானது. இரவில் இந்த விளைவு பூஜ்யம். ஆனாலும் இரண்டால் வகுத்துவிடாதீர்கள், சூரியன் சாயச் சாயச் சிதறலும் மாறும். லிப்ராட்ட்ரான் போன்ற கதிர்வீச்சு மாதிரியில் மணிக்கு மணி ஓட்டுங்கள். அதற்குத் தேவையான ஒற்றைச் சிதறல் விகிதத்தை (புகை தடுக்கும் ஒளியில் விழுங்காமல் சிதறடிக்கும் பங்கு) ஏரோநெட் எனும் தரைநிலைய வலையமைப்பின் மோங்கு நிலையத்திலிருந்து, சாம்பியாவில், எடுக்கலாம். அந்தந்த மாதத்தின் மதிப்பையே போடுங்கள்: ஜூலைப் புகை கருமையானது, அக்டோபரில் வெளுக்கிறது.

படி 6: மேகத்தின்மேல்
இங்கே நேர்கோட்டு முறை உதவாது. மேகத்தின் வெண்மையே இடத்துக்கு இடம் மாறும், மோடிஸின் வழக்கமான ஒளித்தடிமனும் மேகம் உள்ள இடத்தில் கிடைக்காது. காலிப்ஸோவின் லேசர் அளவீட்டை எடுத்து, மேகத்தின் தடிமனைச் சேர்த்து மாதிரியில் ஓட்ட வேண்டும். புகைக்குக் கீழே கறுத்துத் தெரியும் மேகத்தை மோடிஸ் மெல்லியது என்று குறைத்துச் சொல்லும், திருத்துங்கள். லேசரும் ஏமாற்றும்: 532 நானோமீட்டர் கதிர் அடர்புகையில் தேய்ந்துபோவதால், புகையின் அடிப்பகுதி உண்மையைவிட உயரத்தில் இருப்பதாகக் காட்டும்.

கடைசியில் பெட்டியின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் மேகப் பங்கை (மேகம் மூடிய பரப்பின் பங்கு) எடையாக வைத்து, மேகமில்லாத இடத்தின் விளைவையும் மேகத்தின்மேல் உள்ள விளைவையும் கூட்டுங்கள். இந்தக் கடலில் மேகப் பங்கு சுமார் 0.4-ஐத் தாண்டும்போது குறி எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறுவது வழக்கம். உங்கள் விடை அதிலிருந்து வெகுவாக விலகினால், முதலில் ஒற்றைச் சிதறல் விகிதத்தைச் சந்தேகியுங்கள்.